கோர்ட் படம் ஒன்று, வாடகைக்கு

சிடி வாடகைக்கு விடுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: ஊர் கேட்கிற படம் எப்போதும் வெளியே போயிருக்கும், அவனுக்குப் பிடித்த படம் எப்போதும் அலமாரியிலேயே இருக்கும்.

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், ஒரு தையல் கடைக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஆள் நுழைகிற அகலத்தில் என் கடை இருந்தது. வீடியோ கேசட் ஒழிந்து சிடி வந்த காலத்தில் ஆரம்பித்தேன். சிடி ஒழிந்து எல்லாம் செல்போனுக்குள் போன காலத்தில் மூடினேன். நடுவே இருந்த வருஷங்களில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், ஒரே ஒரு படத்தை யார் தலையிலாவது கட்டப் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

உங்களுக்கும் அப்படி ஒரு படம் இருக்கும். நண்பனைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்து, நீங்கள் டிவியைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இப்ப பாரு, இப்ப பாரு" என்று சொல்லியிருப்பீர்கள். அவன் சரியாக அந்த நேரம் பார்த்து முறுக்குத் தட்டைத் தேடத் திரும்பியிருப்பான். அந்த வேதனை தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் வேறு பக்கத்தைப் புரட்டலாம்.

என் படம் ஒரு கோர்ட் படம். பழைய தமிழ்ப் படம். பெரிய நடிகர்கள் யாரும் கிடையாது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் முடிவு தெரிந்த யாராவது அதை உரக்கச் சொல்லிவிடுவார்கள், எனக்கு அந்த அனுபவம் போதும். கதை இதுதான். ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை முதலாளி விஷத்தால் செத்துப்போகிறார். கடையில் வேலை பார்த்த குள்ளமான கம்பவுண்டர் மேல் கேஸ். மேல் தட்டிலிருந்த விஷ ஜாடியை அவன் எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று முதலாளியின் மனைவி சாட்சி சொல்கிறாள். கம்பவுண்டருக்காக வாதாட வருகிற வக்கீலுக்குப் படம் முழுக்க ஜலதோஷம். தொண்டை கட்டியிருப்பதால் அவரால் கத்திப் பேச முடியாது. அந்த அம்மாளிடம் மூன்று கேள்விதான் கேட்கிறார். மேல் தட்டு கம்பவுண்டருக்கு எட்டுமா? எட்டாது, ஸ்டூல் போட்டு ஏறினான் என்கிறாள். ஸ்டூல் யாருடையது? கடையுடையது. வழக்கமாக அது எங்கே இருக்கும்? கடையில்தான்.

நான்காவது கேள்வி வரும் என்று நாம் காத்திருக்கிறோம். வராது. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குகிறார். கூண்டில் நிற்பவளால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. யாரும் கேட்காமலே பேச ஆரம்பிக்கிறாள். சாவுக்கு முதல் நாள் பல்பு மாட்டுவதற்காக ஸ்டூலை வீட்டுக்கு எடுத்துப்போனதாகச் சொல்கிறாள். அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன் என்கிறாள். இல்லை, மறுநாள் என்கிறாள். இல்லை... ஸ்டூலே கடையில் இல்லாத நாளில் அவன் எப்படி ஏறியிருப்பான்? அவ்வளவுதான், கேஸ் உடைகிறது. அவள் ஏன் பொய் சொன்னாள், கொன்றது யார் என்பதெல்லாம் கடைசியில் வரும். அதைச் சொல்லமாட்டேன்.

கோர்ட் படம் என்றால் மேஜையைக் குத்தி வசனம் பேசவேண்டும் என்று இருந்த நாளில், ஒரு வக்கீலைப் பேசாமல் நிற்கவைத்து ஜெயிக்கவைத்த அந்த டைரக்டர் யார் பெற்ற பிள்ளையோ. காலேஜ் படிக்கும்போது மழைக்கு ஒதுங்கிய தியேட்டரில்தான் முதலில் பார்த்தேன். வெளியே வந்தபோது மழை விட்டிருந்ததுகூடத் தெரியாமல், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தேன். அப்படிப்பட்ட படத்தை நான் வாடகைக்கு விட்ட கதை இது.

சிக்கிக்கொண்ட சிடி

பெருங்களத்தூரிலிருந்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிற இளைஞன் ஒருவன் வாடிக்கையாக வருவான். சண்டைப் படம், பேய்ப் படம், இரண்டும் இல்லையென்றால் சண்டை போடுகிற பேய்ப் படம். ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்தான். "வேற எதுனா நல்ல படம் குடுண்ணா" என்று அவனே வாயைக் கொடுத்தான். நான் விடுவேனா? என் படத்தை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, "த்ரில்லர். கோர்ட் சீன் வரும்போது லைட்டை அணைச்சிட்டுப் பாரு" என்று கொடுத்தனுப்பினேன். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. இந்நேரம் ஸ்டூல் வந்திருக்கும், இந்நேரம் மூக்கைத் துடைத்திருப்பார் என்று நானே மனசுக்குள் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வந்தான். முகத்தில் வருத்தம். "படம் ஓகேண்ணா, ஆனா சிடில ஃபால்ட்டு கீது. அந்த வக்கீலு மூக்க தொடைக்கிற எடத்துல அப்படியே ஸ்ட்ரக் ஆயி நின்னுகினு கீது. ஃபேன் சத்தம் மட்டும் வருது" என்றான். அது ஸ்ட்ரக் இல்லை, அதுதான் படம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்: "நீ ஒண்ணும் டென்ஷன் ஆவாதண்ணா, நான் ஃபார்வர்டு பண்ணி அந்த எடத்த தாண்டிட்டேன்."

முதல் பாதித் தீர்ப்பு

அந்தக் காலத்து சிடியில் ஒரு படம் இரண்டு தட்டாக வரும் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. முதல் தட்டில் இடைவேளை வரை, இரண்டாம் தட்டில் மீதி. முடிச்சூரில் கூட்டுக் குடும்பமாக இருந்த ஓர் அம்மா, மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், குடும்பமாகப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார். திருப்பிக் கொண்டுவந்தபோது டப்பாவைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் தட்டு நான் வைத்த இடத்திலேயே, நான் சுற்றிய காகிதத்தோடு அப்படியே இருந்தது.

என் படத்தின் முதல் பாதி, கம்பவுண்டருக்கு விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றுவதோடு முடியும். "இரண்டாவது தட்டு பாக்கலையாம்மா?" என்று கேட்டேன். இன்னொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. படம் அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்து, எல்லாரும் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்களாம். நிறுத்தி நிதானமாக விளக்கினேன். அந்த ஆள் குற்றவாளி இல்லம்மா, அவருக்காக ஒரு வக்கீல் வருவார், இன்னொரு தடவை எடுத்துப்போய் மீதியைப் பாருங்கள் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். அப்புறம் டப்பாவை என் பக்கமே நகர்த்தினார். "வேணாம் சார், எங்க மாமியார் அப்பவே சொல்லிட்டாங்க, அவன் முழியே சரியில்ல, அவன்தான் செஞ்சிருப்பான்னு."

தேவலோகம்

சேலையூரிலிருந்து ஒரு வக்கீல் வருவார். ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி வேர்த்து விறுவிறுத்து வந்து, "ஒரு காமெடி குடுங்க சார், மூளையைக் கழட்டி வெக்கணும்" என்பார். இந்தப் படத்தை ரசிக்க இந்த ஊரில் ஒருவர் உண்டென்றால் அவர்தான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் இவரிடம் போய்க் கோர்ட் படத்தைக் கொடுப்பது, ஹோட்டல் மாஸ்டரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுப் பந்தியில் உட்காரவைக்கிற மாதிரி. ரொம்ப நாள் தயங்கினேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை துணிந்து கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தவர் சிடியை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தார். ஒருவழியாகத் தலையைத் தூக்கினார். கண்ணில் நிஜமாகவே ஏக்கம் இருந்தது. "சாட்சி சொன்ன நேரத்துக்கு வந்துட்டாங்க. ஜட்ஜ் லீவு போடல. எதிர்க்கட்சி வக்கீல் வாய்தா கேக்கல. நான் இருபது வருஷமா பார்க்கிறேன் சார், இதுக்குப் பேரு த்ரில்லர் இல்ல, தேவலோகம்."

டைம் மிச்சம்

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்திருந்தார்கள். அந்தப் பெண் சிடிகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டே வந்து, தானாகவே என் படத்தில் நிறுத்தினாள். நான் கொடுக்கவில்லை, பரிந்துரைக்கவில்லை, அவளே எடுத்தாள்! "இது எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். யாரு கொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாதாம்" என்று கணவனிடம் காட்டினாள். அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. நான் பேசாமல் நின்றேன், மீன் தூண்டிலைக் கடிக்கிற நேரத்தில் தும்மக்கூடக் கூடாதல்லவா.

அவர்களுக்குப் பின்னால், ரயில் பாஸை ஜேபியில் வைத்துக்கொண்டு தினமும் எக்மோர் போய்வருகிற ஒரு பெரியவர் நின்றிருந்தார். பழைய படங்கள் எல்லாம் பார்த்தவர். பெண்ணின் தோளுக்கு மேலாக எட்டி டப்பாவைப் பார்த்தார். "அட, இதுவா!" என்றார். அடுத்த மூச்சில் கொலை செய்தது யார், ஏன், எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று முழுதாகச் சொல்லி முடித்தார். அந்தப் பெண் டப்பாவைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு ஒரு காதல் படத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் போனபின், பெரியவர் என்றும் பாராமல் அவரிடம் கத்திவிட்டேன். அவர் துளியும் கலங்கவில்லை. "எதுக்கு சார் கோவப்படறீங்க? அவங்களுக்கு ரெண்டரை மணி நேரத்தை மிச்சம் பண்ணிக் குடுத்தேன்."

ஒரே வில்லன்

திருநீர்மலைப் பக்கம் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் வைத்திருந்த குடும்பத்தில் அண்ணனும் தம்பியும். இப்போது அண்ணனுக்கு ஹார்டுவேர் கடை, தம்பிக்கு வாடகைக்குச் சாரக்கம்பு, ஷாமியானா. ரெண்டு பேர் கடையும் ஒரே தெருவில். அப்பா விட்டுப்போன ஒரு துண்டு மனைக்காகச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில், முன் சீட்டும் பின் சீட்டுமாக உட்கார்ந்து, பேசாமல் போய் பேசாமல் வருவார்கள். வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் குழம்பு கொடுத்துக்கொள்வதை இவர்கள் இருவருக்கும் தெரியாமல் செய்தார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி வாசல் வரை வந்து வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டு உள்ளே வராமல் போனான்.

அண்ணன் என்னிடம் கோர்ட் படம் கேட்டார். கொடுத்தேன். கூண்டில் ஏறிப் பொய் சொன்னால் மனுஷன் என்ன ஆகிறான் என்று பார்த்தாலாவது ஒரு சமாதானம் வரும் என்று எனக்கு ஓர் ஆசை. பார்த்துவிட்டு வந்து, "படம் பிரமாதம்ப்பா. பொய் சாட்சி சொல்லுது பாரு, அந்தப் பொம்பள, அப்படியே என் தம்பிதான்" என்றார். அதே வாரம் தம்பி வந்து, அண்ணன் பார்த்த படம் எது என்று கேட்டு அதையே வாங்கிப்போனான். திருப்பிக் கொடுக்கும்போது அவன் முகம் இளகியிருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. மெதுவாக, "எப்படி இருந்துது?" என்றேன். "கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார். அந்தக் கம்பவுண்டர் நான்தான். அந்தப் பொம்பள எங்க அண்ணன், சாட்சாத் எங்க அண்ணன்."

ஃபேன் சத்தம்

என் மனைவி குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பில் கத்தி, பஸ்ஸில் நின்று, வீட்டுக்கு வந்து சமைத்து, எங்கள் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து முடிக்கும்போது அவள் குரலில் ஒன்றும் மிச்சமிருக்காது. கல்யாணமான புதிதிலிருந்தே இந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிடவேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொரு தடவையும் விருப்பத்தோடுதான் உட்காருவாள். வக்கீலுக்கு முதல் தும்மல் வரும்போது சுவரில் சாய்வாள். ஸ்டூல் கேள்வி வரும்போது கண் மூடியிருக்கும்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபமும் சலித்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூங்குகிறவளை எழுப்பாமல் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்த அமைதி. பக்கத்தில் இவள் மூச்சு விடுகிற சத்தம். படம் முடிந்து நான் டிவியை அணைத்ததும் விழித்தாள். குற்ற உணர்ச்சியோடு ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டே நிம்மதியாகச் சொன்னாள்: "நிறுத்திட்டீங்களா? உங்க படம் ரொம்ப நல்ல படம்ங்க, யாரும் யார் மேலயும் கத்தறதில்ல."

பாட்டு மட்டும்

கடை முடிகிற காலத்தில் நான் பாதி அலமாரியைக் காலி செய்து, செல்போன் ரீசார்ஜ் போர்டு மாட்டியிருந்தேன். எல்லாரும் மெமரி கார்டோடு வர ஆரம்பித்தார்கள். சந்தோஷபுரத்திலிருந்து ஓர் ஆட்டோ டிரைவர் வந்தார். வயது நாற்பதுக்கு மேல். என் படத்தின் பெயரைச் சொல்லி, அது இருக்கிறதா என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் பெயர் சொல்லிக் கேட்டு வந்த முதல் ஆள். எழுந்து நின்றேன். டிரைவருக்கு டீ சொன்னேன். எங்கே பார்த்தீங்க, எப்போ பார்த்தீங்க, எந்த சீன் பிடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாக டீயைக் குடித்துவிட்டு, என் கையில் கார்டைக் கொடுத்தார். "படம்லாம் வேணாம் தலைவா, அதுல ஹீரோயின் ஊஞ்சல்ல ஆடிக்கினே பாடும் பாரு, அந்தப் பாட்டு மட்டும் ஏத்திக் குடு."

கூண்டில் ஏற வேண்டியவள்

இது வரிசைப்படி கடைசி இல்லை, நடுவில் நடந்தது. ஆனால் இதை நடுவில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து, எங்கள் தெரு முனையில் விற்கிற கன்னியம்மா என்று ஓர் அக்கா இருந்தாள். ஐம்பதை நெருங்கின வயது. பக்கத்தில் எப்போதும் பார்வதி என்று இன்னொருத்தி. ஒரே குப்பம், ஒரே பஸ், ஒரே இடம். ஒருத்தி விலை சொன்னால் இன்னொருத்தி குறைப்பாள், அது அவர்களுக்குள் ஒப்பந்தம். ஒருநாள் காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டுவதற்காகக் கூடையோடு ஓரமாக நின்றிருந்தபோது, ஒரு வேன் ஓரத்தில் ஏறி பார்வதியை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் கன்னியம்மா தனியாக உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை.

கேஸ் எடுத்துக்கொள்ளப்பட ரொம்ப நாள் ஆயிற்று. சம்மன் வந்த வாரம், மதியத்தில் கூடையைக் கடை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். அதுவரை அவள் என் கடைப் படி ஏறியதில்லை. சுற்றிலும் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, கோர்ட்டு படம் எதுனா கீதா?" என்றாள். "இருக்குக்கா. உங்க வீட்ல சிடி பிளேயர் இருக்கா?" என்றேன். "வூட்ல டிவியே இல்ல. நான் சினிமா பாக்கக் கேக்கல தம்பி. நான் கூண்டுல ஏறணும். அது எப்படி இருக்கும்னே தெரியல."

வேன்காரர் தரப்பில் யாரோ வந்து, உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதற்கு அவள் பயப்படவில்லை. அவளுக்குப் பயம் அவள் வாயைப் பற்றித்தான். "கூவிக் கூவி பழகின வாயி தம்பி. எவனாச்சும் சும்மா நின்னா எனுக்குப் பொறுக்காது, எதுனா பேசிடுவேன். நான் பேசினதே அவளுக்கு எதிரா பூட்டா இன்னா பண்றது?" என்றாள். பார்வதிக்கு ரெண்டு பெண்கள், அவர்களுக்கு வரவேண்டியது இவள் வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்த சின்ன டிவியில் என் படத்தைப் போட்டேன். என் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரமாட்டேன் என்றாள், மீன் வாடை ஒட்டிக்கொள்ளுமாம். நின்றுகொண்டே பார்த்தாள்.

வக்கீல் வந்தபோது அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. எனக்கு உயிரான அந்த ஜலதோஷம், கைக்குட்டை, ஜட்ஜ் தலையைத் தூக்குவது, எதுவும் அவள் கண்ணில் படவில்லை. கூண்டில் நிற்கிற பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி வந்தது. கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் பேச ஆரம்பித்ததும், இவள் டிவியைப் பார்த்து, "ஐயோ, ஏன்டி பேசற? அவன்தான் ஒண்ணுமே கேக்கலியே!" என்று கத்திவிட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "இன்னொரு தபா போடு தம்பி" என்றாள். போட்டேன். அந்த வாரம் வியாபாரம் முடிந்ததும் தினமும் வந்து அந்த ஒரு காட்சியை மட்டும் நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போனாள். கொலை யார் செய்தது என்று கேட்கவே இல்லை.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை, அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். எதிர் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டாராம். "அந்த நேரத்துல நீங்க எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" கூடையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள், உண்மை அதுதான். "அப்போ வண்டி வந்ததை நீங்க பாக்கல, இல்லையா?" என்றார். "வந்தத பாக்கல சார். ஏறினத பாத்தேன்" என்றாள். அதற்கப்புறம் அவர் காகிதத்தைப் பார்க்கிற மாதிரி சும்மா நின்றாராம். "எனுக்கு நாக்கு துடிக்குது தம்பி. பார்வதி எப்படிப்பட்டவ, அன்னிக்கு இன்னா மீனு, பொண்ணுங்க இன்னா ஆச்சு, எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. கூண்டுக் கட்டைய கெட்டியா புடிச்சிக்கினேன். அவரும் நின்னாரு, நானும் நின்னேன். அப்புறம் ஜட்ஜ் அம்மாதான், நீங்க போலாம்மான்னு சொல்லிச்சு."

அன்று வீட்டுக்குப் போய் நான் படத்தைத் தனியாக மறுபடி பார்த்தேன். அத்தனை வருஷமாக நான் வக்கீலுக்குப் பக்கத்தில் நின்றுதான் அந்த அமைதியை ரசித்திருக்கிறேன். அன்றுதான் கூண்டுக்குள் நின்று பார்த்தேன். தாங்க முடியவில்லை, நடுவிலேயே அணைத்துவிட்டேன்.

தீர்ப்பு வர இன்னும் நாளாயிற்று. டிரைவருக்குத் தண்டனை ஆயிற்று, பார்வதியின் பெண்களுக்கு நஷ்டஈட்டுக்கும் வழி பிறந்தது என்று சொன்னார்கள். கன்னியம்மா ஒருநாள் மதியம் கடைக்கு வந்தாள். நான் சந்தோஷமாக எழுந்தேன். இன்றைக்காவது முழுப் படத்தையும் பாருக்கா, தீர்ப்போடு முடிகிற இடம் பிரமாதமாக இருக்கும் என்றேன். டிவியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் படம் தீர்ப்போட முடிஞ்சிடுது தம்பி. நான் தீர்ப்பு முடிஞ்சி வெளிய வந்து, அந்த டிரைவர் பொண்டாட்டி பக்கத்துலயே நின்னு ஒரே பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷமும் நான் ஒரே படத்தைத்தான் வாடகைக்கு விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், திரும்பி வந்ததெல்லாம் வேறு வேறு படங்கள்.